வெயில் பொது, வெளிச்சம் யாருக்கு?

1921 ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 22ந் தேதி மதுரை மேலமாசி வீதியில் காந்தியடிகள் நீண்ட உடையைத் துறந்து நான்கு முழத் துண்டை உடுத்தினார் என்பதை நம் நகரத்தில் அறியாதார் இல்லை. அதற்கு முன்பு சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் ரயில் வண்டியில் நிகழ்ந்த ஒரு சம்பாஷணையை மட்டும் பலர் மறந்துவிட்டனர். உடன் பிரயாணம் செய்தோரிடம் அவர் கதர் உடுத்துமாறு வேண்டினார். அவர்களோ, தாங்கள் ஏழைகள் என்றும், கதரின் விலை தங்களுக்குக் கட்டாது என்றும் தலையசைத்துக் கூறிவிட்டனர். அந்த மறுமொழி அவரை உறுத்திற்று. நாட்டுக்கு நல்லது இன்னதென்று தலைவர்கள் சொல்வது எளிது. அந்த நல்லதை வாங்குவதற்கு ஏழையின் மடியில் காசு இல்லையேல் உபதேசம் யாது பயன் தரும்?

நூறு வருஷங்களுக்கு மேல் கடந்தபின், அதே மதுரையில், அதே கேள்வி வேறு உருவில் வந்து நிற்கிறது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து உலகைச் சுடுவதை விட்டு, சூரியனிடமிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுப்போம் என்று சர்க்காரும் அறிஞரும் வற்புறுத்துகின்றனர். அவர்கள் சொல்வது முற்றும் சரி என்பதே நம் அபிப்பிராயம். வெயிலுக்குப் பஞ்சமில்லாத பாண்டி நாட்டார் அதை மறுக்கவும் மாட்டார். ஆயினும், வருமானத்தில் மலைக்கும் மடுவுக்குமுள்ள வித்தியாசம் நிலவும் ஒரு சமூகத்தில், வெயில் எல்லார் தலையிலும் சமமாக விழுந்தாலும், அதன் பயன் சமமாக விழுமா? இக்கேள்வியையே இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

கணக்கிலுள்ள மயக்கம்

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குவது அவசியம். ஒரு தேசம் உபயோகிக்கும் மொத்த சக்தியில், எடுக்க எடுக்கக் குறையாத வகையைச் சேர்ந்தது நூற்றுக்கு எத்தனை பங்கு என்று சர்வதேச ஸ்தாபனங்கள் வருஷந்தோறும் கணக்கிட்டு வெளியிடுகின்றன. அக்கணக்கில் சூரியத் தகடும் காற்றாடியும் அணைக்கட்டும் மட்டுமே இடம்பெறுகின்றன என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. விறகும், சுள்ளியும், வறட்டியும் அதே கணக்கில் சேர்க்கப்படுகின்றன. மரம் மீண்டும் தளிர்க்குமன்றோ?

இதன் விளைவு யாதெனில், கே. கே. நகரில் மூன்று மாடி வீட்டின்மேல் தகடு பரப்பியிருக்கும் கனவானும், திருச்சுழிப் பக்கத்துக் கரம்பில் சீமைக்கருவேல முள்ளை வெட்டித் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அடுப்பெரிக்கும் மூதாட்டியும், புள்ளிவிவரப் புஸ்தகத்தில் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கின்றனர். உண்மையில் அந்தப் பந்தியில் பெரிய இலை மூதாட்டியுடையதே. ஏழைத் தேசங்களில் இவ்வகைச் சக்தியின் பங்கு பெரிதாகத் தோன்றுவதற்கு முக்கிய காரணம் விறகடுப்பே. அவள் விறகை விட்டுக் காஸ் அடுப்புக்கு மாறினால், தேசத்தின் கணக்கில் அந்தப் பங்கு குறைந்துவிடும். ஆனால் அவள் மூச்சு தெளிவடையும். வீட்டுப் புகையினால் 2020 ஆம் வருஷத்தில் மட்டும் உலகில் சுமார் 32 லக்ஷம் பேர் அகாலமாக மாண்டனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது.

ஆகவே, வெறும் பங்கு விகிதத்தைப் பார்த்து, இத்தேசம் முன்னேறுகிறது, அத்தேசம் பின்வாங்குகிறது என்று தீர்ப்புச் சொல்வது, சாக்ஷிகளை விசாரியாமல் தீர்ப்பெழுதுவதை ஒக்கும். எவ்வளவு என்பதோடு, யார், எந்த நிலைமையில் உபயோகிக்கிறார் என்பதையும் கேட்டாக வேண்டும். ஒருவர் விரும்பித் தேர்ந்தெடுத்தார்; மற்றவருக்கு வேறு வழியில்லை. இவ்விரண்டையும் கூட்டி ஒரே தொகையாக எழுதுவதில் உண்மை மறைந்துபோகிறது.

கமுதிச் சாலையில்

சில காலத்துக்கு முன்பு நாம் அருப்புக்கோட்டை வழியாகக் கமுதிக்குச் சென்றிருந்தோம். மதுரையின் தென்கிழக்கே வானம் பார்த்த பூமியாக விரிந்து கிடக்கும் அச்சமவெளியை அறிந்தவர்க்கு அதன் காட்சியை வருணிக்க வேண்டுவதில்லை. கண்மாய்க்குக் கண்மாய் சீமைக்கருவேல் அடர்ந்திருக்கும். இடையிடையே கரிமூட்டத்தின் புகை எழும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மரம் நிலத்தடி நீரையும் விளைநிலத்தையும் கெடுக்கிறதென்று, அதை அப்புறப்படுத்தும்படி 2017 ஆம் வருஷத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆயினும் நிலமற்ற குடும்பங்கள் பலவற்றுக்கு அதை வெட்டுவதும் மூட்டம் போடுவதுமே பல கோடைகளில் கிடைத்த ஒரே கூலி.

இந்தப் பிரதேசத்தில்தான், 648 மெகாவாட் சக்தியுள்ள சூரிய மின் நிலையம் 2016 ஆம் வருஷம் செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 2,500 ஏக்கர் பரப்பு, சுமார் 25 லக்ஷம் தகடுகள், ரூ. 4,550 கோடி மூலதனம். எட்டே மாதங்களில் கட்டி முடித்தனர். ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் உலகிலேயே பெரியது என்று அக்காலத்தில் அது புகழப்பட்டது. அதை அமைத்தவர் அதானி குழுமத்தார். இயந்திரத் திறமையென்ற வகையில் அது பாராட்டுக்குரியது என்பதை நாம் தயங்காமல் கூறுகிறோம். புகையில்லை, சாம்பலில்லை, கரி வண்டியில்லை. வெயில் விழுகிறது, மின்சாரம் ஓடுகிறது.

விலையை மட்டும் சற்று நோக்குவோம். 2015 ஆம் வருஷத்து ஒப்பந்தப்படி, அங்கு உண்டாகும் மின்சாரத்தை யூனிட் ஒன்றுக்கு ரூ. 7.01 வீதம் 25 வருஷங்களுக்கு வாங்கிக்கொள்ளத் தமிழ்நாட்டு மின் கழகம் இசைந்தது. இரண்டே வருஷத்தில், 2017ல், ராஜஸ்தானத்துப் பட்லாவில் ஏலத்தில் ரூ. 2.44க்கு விலை இறங்கிற்று. அவ்வருஷமே தமிழ்நாட்டு ஏலத்திலும் ரூ. 3.47க்கு ஒப்பந்தம் ஏற்பட்டது. விலை இவ்வளவு விரைவில் சரியுமென்று 2015ல் எவரும் ஜோசியம் கூறியிருக்க முடியாது என்பது நியாயமான சமாதானமே. எனினும், 25 வருஷம் விலை மாறாதென்ற உறுதி மூலதனம் போட்டவருக்குக் கிடைத்தது. விலை மாறினால் வரும் நஷ்டம் பொது ஜனங்களின் தலையில் விழுந்தது. ஆபத்து ஊருக்கும் அபயம் முதலாளிக்கும் என்று பங்கிடப்பட்டதை நாம் குறிப்பிடாதிருக்க இயலாது.

இன்னொன்றும் உண்டு. இத்தகைய நிலையங்களுக்காக நிலம் கைமாறும்போது பட்டாதாருக்குப் பணம் கிடைக்கிறது. அதே தரிசில் ஆடு மேய்த்தவருக்கும், முள் வெட்டியவருக்கும், மழை பெய்த வருஷத்தில் வாரத்துக்கு உழுதவருக்கும் பட்டா இல்லை. ஆதலால் நஷ்ட ஈடும் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் அந்நிலத்தில் இருந்ததேயில்லை. நிலையம் கட்டும் மாதங்களில் ஆயிரக் கணக்கானோருக்கு வேலை உண்டு. கட்டி முடிந்தபின் காவலுக்கும் துடைப்புக்கும் கண்காணிப்புக்கும் சிலர் போதும்.

சாலையோரத்தில் விறகுக் கட்டை இறக்கிவைத்து இளைப்பாறிய ஒரு பெண்மணியிடம், வீட்டு மாடியில் சூரியத் தகடு வைப்பதற்குச் சர்க்கார் பணம் தருவதை அறிவீர்களா என்று வினவினோம். "எங்க வீடு கூரை வீடுங்கய்யா, அதுமேல எதை வைக்கிறது?" என்றார் அவர். இதை எழுதத் தொடங்கியபோது முதலில் நம் நினைவுக்கு வந்தது அவருடைய வார்த்தைதான்.

மாடி வீட்டுக் கணக்கு

அவர் கூறியது நகரத்துக்கும் பொருந்தும். 2024 ஆம் வருஷம் பிப்ரவரியில் மத்திய சர்க்கார் ரூ. 75,021 கோடி செலவில் ஒரு கோடி வீடுகளின் மேல் சூரியத் தகடு அமைக்கும் திட்டத்தை அங்கீகரித்தனர். ஒரு கிலோவாட்டுக்கு ரூ. 30,000, இரண்டுக்கு ரூ. 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் ரூ. 78,000 என்பது மானியம். நோக்கம் நல்லது. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால், மானியம் எந்தப் பக்கம் பாய்கிறதென்பது தெரியும்.

தமிழ்நாட்டில் 2016 ஆம் வருஷம் முதல் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக வழங்கப்பட்டு வந்தது. இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியுமுள்ள செல்லூர் நெசவாளி அந்த நூறுக்குள் அடங்கிவிட்டால் அவருக்குப் பில்லே இல்லை. தகடு வைத்து அவர் மிச்சப்படுத்துவது யாது? ஒன்றுமில்லை. இனி, இரண்டு மாதத்துக்கு 1,100 யூனிட் செலவிடும் ஒரு கனவானை எடுத்துக்கொள்வோம். 2022 ஆம் வருஷம் செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி அவருடைய பில் ரூ. 7,650. மூன்று கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட், இரண்டு மாதத்துக்குச் சுமார் 720 யூனிட் தரும். எஞ்சிய 380 யூனிட்டுக்கு அவர் கொடுக்க வேண்டியது ரூ. 1,035. ஆக, தவணைதோறும் ரூ. 6,600க்கு மேல் மிச்சம். வருஷத்துக்கு ஏறத்தாழ ரூ. 40,000. சர்க்கார் கொடுத்த ரூ. 78,000 போக அவர் கையிலிருந்து போட்ட தொகை மூன்று, நான்கு வருஷங்களில் திரும்பிவிடும்; அதற்குப்பின் இருபது வருஷம் வருவதெல்லாம் லாபம்.

அக்கனவானை நாம் குறை கூறவில்லை. நிலக்கரி எரிவதை அவர் குறைக்கிறார். சட்டம் கொடுத்த சலுகையைச் சட்டப்படி பெறுகிறார். குறை திட்டத்தின் அமைப்பிலுள்ளது. மாடி இருக்க வேண்டும். அது சொந்த மாடியாக இருக்க வேண்டும். முதலில் போடப் பணமோ கடனுக்கு ஈடோ இருக்க வேண்டும். மிச்சம் தெரிய வேண்டுமானால் முன்னமே மிகுதியாக மின்சாரம் செலவிடுபவராக இருக்க வேண்டும். இந்நான்கும் உடையவர் யாரென்று விளக்க வேண்டுவதில்லை. மதுரையில் வளவு வீடுகளில் குடியிருக்கும் வாடகைக் குடும்பங்களுக்கு மாடியின் மேல் உரிமையில்லை என்பதோடு, பல இடங்களில் வீட்டுக்காரர் வைத்த சிறு மீட்டரின்படி யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் கேட்பதைக் கொடுக்கின்றனர். சர்க்கார் கொடுத்த இலவச யூனிட் அவர்கள் வரையில் வந்து சேர்வதுமில்லை.

இதில் ஓர் அபாயமும் மறைந்திருக்கிறது. மின் கழகம் ஏழைகளுக்குக் குறைந்த விலையில் கொடுக்க முடிவதற்குக் காரணம், மிகுதியாகச் செலவிடும் வீட்டாரும் ஆலைகளும் கடைகளும் கொடுக்கும் மேல்விலை. அம்மேல்விலை கொடுப்போர் ஒவ்வொருவராகத் தம் மாடியின் நிழலில் ஒதுங்கிவிட்டால், கம்பியையும் கம்பத்தையும் காத்து, குடிசைக்கும் விளக்குக் கொடுக்கும் செலவை யார் தாங்குவது? எஞ்சி நிற்பவர் தாங்க வேண்டும். எஞ்சி நிற்பவர் மாடியில்லாதவர்.

கிணறுள்ளவனும் இல்லாதவனும்

கிராமத்திலும் இதே நியாயம்தான். 1990 ஆம் வருஷம் முதல் தமிழ்நாட்டில் விவசாயப் பம்புகளுக்கு மின்சாரம் இலவசமாக வழங்கப்பட்டது. உழவரின் நீண்ட கிளர்ச்சியின் பலன் அது; அதனால் பிழைத்த குடும்பங்கள் பல. எனினும் இலவசம் வந்து சேர்ந்த இடம் கிணறு. உசிலம்பட்டி, பேரையூர்ப் புன்செய்க் காடுகளில், ஆழ்துளை போட வசதியுள்ளவன் 800 அடிக்கும் கீழே இறங்கினான். அவனுடைய அண்டை நிலத்தானின் திறந்த கிணறு வறண்டது. நிலமேயில்லாத கூலிக்காரனுக்கோ இலவச மின்சாரத்தினால் நேரே கிடைத்தது யாதுமில்லை.

2019 ஆம் வருஷத்தில் தொடங்கிய மத்திய சர்க்காரின் சூரியப் பம்புத் திட்டத்தில், விலையில் நூற்றுக்கு 30 மத்திய சர்க்காரும், 30 மாகாண சர்க்காரும், 40 விவசாயியும் ஏற்பது என்பது பொது விதி. நாற்பது பங்கைப் புரட்டக்கூடியவன் யார்? புரட்டியபின், காலை முதல் மாலை வரை காசின்றி ஓடும் பம்பை நிறுத்தி வைக்க அவனுக்கு என்ன தூண்டுதல்? வெயில் வற்றாது, நிலத்தடி நீர் வற்றும். வற்றாத ஒன்றைக் கொண்டு வற்றும் ஒன்றை இறைத்துத் தீர்ப்பது புத்திசாலித்தனமன்று.

மூலதனம் எங்கே திரள்கிறது?

இவையெல்லாம் தற்செயலாக நேர்ந்தவையல்ல. சூரியனுக்கும் காற்றுக்கும் ஒரு விசேஷ குணம் உண்டு. நிலக்கரி நிலையத்தில் செலவு நாள்தோறும் எரிபொருளாக வரும். சூரிய நிலையத்திலோ செலவு அனேகமாக முழுவதும் முதல் நாளிலேயே வந்துவிடும், பின்னர் எரிபொருளுக்குக் காசில்லை. ஆகையால், முதல் நாளில் பணம் உள்ளவனே அதன் எஜமானன் ஆகிறான். எங்கே செல்வம் சிலரிடம் குவிந்திருக்கிறதோ, அங்கே வெயிலும் சிலரிடமே போய்ச் சேரும்.

காற்றாலையின் சரித்திரம் இதற்கு அத்தாக்ஷி. 1986 ஆம் வருஷத்தில் தூத்துக்குடிக்கருகே முள்ளக்காட்டில் சோதனையாகத் தொடங்கிய இத்தொழில், 1990க்குப் பின் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் கணவாய்ப் பக்கங்களில் காடுபோல் வளர்ந்தது. வளர்த்தது காற்று மட்டுமன்று. வருமான வரிச் சட்டமுமாம். காற்றாடியில் போட்ட மூலதனம் முழுவதையும் முதல் வருஷத்திலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள அக்காலத்தில் அனுமதியிருந்தது. வரி கட்டுமளவு லாபமுள்ள ஆலை முதலாளிக்கே அச்சலுகை பயன்படும். வரி கட்டும் நிலையிலில்லாத உழவனுக்கும் பஞ்சாயத்துக்கும் அது வெறுங்காகிதம். ஆகவே பஞ்சாலைகள் காற்றாலைகளுக்குச் சொந்தமாயின. தமிழ்நாடு காற்று மின்சாரத்தில் இந்தியாவின் முன்னணியில் நின்றதற்கு இதுவும் ஒரு காரணமென்பது மெய். அம்முன்னணியின் லாபம் எவ்வழி சென்றதென்பதும் மெய்.

2024 ஆம் வருஷத்தில் உலக அசமத்துவ ஆராய்ச்சிக் கூடத்தார் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-23ல் இந்தியாவின் மொத்த வருமானத்தில் நூற்றுக்கு 22.6 பங்கும், சொத்தில் நூற்றுக்கு 40.1 பங்கும், உச்சியிலுள்ள நூற்றிலொரு பங்கினரிடம் இருந்தது. இத்தகைய சமூகத்தில் புதிய சக்தி பரவுவது இரு வகையில் தடைப்படுகிறது. பெரும்பாலோர் வாங்க வலியற்றவராதலால், வீடுதோறும் பரவ வேண்டியது சில வீடுகளோடு நின்றுவிடுகிறது. பயன் தமக்கு எட்டாததைக் காணும் ஜனங்கள், அதைத் தமக்குப் புறம்பான காரியமாகக் கருதி, அதன் செலவுக்கு இசைய மறுக்கின்றனர். அசமத்துவம் ஏழையை மட்டும் வருத்துவதன்று. தேசத்தின் காரியத்தையும் தாமதிக்கச் செய்கிறது.

அயல் நாட்டார் அநுபவம்

பாகிஸ்தானத்தைப் பாருங்கள். மின்கட்டணம் தாங்காமல், 2024 ஆம் ஒரு வருஷத்தில் மட்டும் ஏறத்தாழ 17,000 மெகாவாட் அளவுள்ள சூரியத் தகடுகள் அங்கே இறக்குமதியாயின. வசதியுள்ள வீட்டாரும் ஆலைக்காரரும் பொதுக் கம்பியிலிருந்து பெரும்பாலும் விலகிக்கொண்டனர். ஆனால் பழைய அனல் நிலையங்களுக்கு, மின்சாரம் எடுத்தாலும் எடாவிட்டாலும் கொடுக்க வேண்டிய நிலைத்தொகை அப்படியே நின்றது. அப்பாரம் தகடு வாங்க வகையற்றவர் மீது சாய்ந்தது. நாம் மேலே அஞ்சியது அங்கே நடந்துகாட்டியது.

வங்காள தேசத்தார் வேறு வழியில் சென்றனர். 2003 முதல், சர்க்காருக்குச் சொந்தமான ஒரு கடன் ஸ்தாபனம் கிராம சேவா சங்கங்கள் மூலம் தவணை முறையில் சிறு சூரிய விளக்குகளைக் கொடுத்து, 40 லக்ஷத்துக்கு மேற்பட்ட வீடுகளில் வெளிச்சம் ஏற்றியது. மண்ணெண்ணெய்க்குச் செலவிட்டதையே தவணையாகக் கட்டினர். பின்னர் பொதுக் கம்பி வந்தபோது பலர் அவ்விளக்குகளைக் கைவிட்டனர் என்பதும் உண்மை. ஏழைக்கு ஒரு விளக்கோடு ஆசை முடிந்துவிடாது. ஆயினும் கடனைச் சிறு துண்டாக்கினால் ஏழையும் மூலதனம் போடுவான் என்பதை அவ்வநுபவம் ருசுப்படுத்தியது.

ஓர் ஆட்சேபம்

"புதுப் பொருள் எதுவும் முதலில் செல்வர் வீட்டுக்கே வரும், விலை இறங்கினால் தானே ஏழை வீட்டுக்கும் வரும், அவசரம் ஏன்?" என்று சிலர் கேட்பர். இதில் பாதி உண்மை. எல்.இ.டி. விளக்கு அவ்வாறே இறங்கியது. ஆனால் தானே இறங்கவில்லை. 2014ல் ரூ. 310க்குக் கொள்முதலான விளக்கு 2016ல் ரூ. 38க்கு இறங்கியதற்குக் காரணம், பொது ஸ்தாபனம் ஒன்று கோடிக் கணக்கில் ஒருங்கே வாங்கி, ஜாதி வர்க்க பேதமின்றி விநியோகித்ததே. 36 கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் அவ்வழியே வீடுகளை அடைந்தன. பொதுக் கையின் பலத்தினால் இறங்கிய விலையை, காலத்தின் கருணை என்று சொல்லலாகாது.

நம் ஜில்லாவின் சரித்திரமும் இதையே சொல்கிறது. பெரியாற்று அணை 1895ல் பொதுப் பணத்தில் எழுந்தது. பின்னாளில் அதே நீர் மலையடிவாரத்தில் மின்சாரம் தந்துவிட்டு, வைகையில் கலந்து மேலூர் வரை வயலுக்குப் பாய்ந்தது. 1932ல் பைகாராவும், 1937ல் மேட்டூரும், 1944ல் பாபநாசமும் சர்க்கார் முயற்சியில் மின்சாரம் தந்தன. 1957ல் மின்சார வாரியம் ஏற்பட்டபின், லாபம் தராத குக்கிராமத்துக்கும் கம்பி சென்றது. லாபம் ஒன்றையே நோக்கியிருந்தால் அக்கம்பிகள் மதுரைக் கோட்டையின் எல்லையோடு நின்றிருக்கும்.

ஓடந்துறை காட்டும் வழி

வழி உண்டா என்று கேட்போருக்கு, மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறையைக் காட்டுகிறோம். அக்கிராமப் பஞ்சாயத்து 2006 ஆம் வருஷத்தில், தன் சேமிப்போடு பாங்குக் கடனும் சேர்த்து, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு 350 கிலோவாட் காற்றாடி ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. தெருவிளக்குக்கும் குடிநீர்ப் பம்புக்கும் வேண்டியது போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. அவ்வருமானத்தில் கடன் அடைந்தது. தனித்தனியே எவரும் வாங்கியிருக்க முடியாததை ஊர் கூடி வாங்கிற்று. பட்டா உள்ளவன், இல்லாதவன், மாடி வீட்டான், கூரை வீட்டான் என்ற பேதமின்றித் தெருவிளக்கு எல்லார்மேலும் எரிந்தது.

கர்நாடகத்துப் பாவகடாவில் மற்றொரு பாடம் உண்டு. அங்கே சுமார் 13,000 ஏக்கர் நிலம் விலைக்கு வாங்கப்படாமல், ஏக்கருக்கு வருஷம் ரூ. 21,000 வீதம் குத்தகையாகவே பெறப்பட்டது. காலக்கிரமத்தில் அத்தொகை உயரவும் ஏற்பாடுண்டு. நிலம் குடியானவன் பெயரிலேயே நின்றது. ஆனால் நிலமற்றவருக்கு அங்கும் வகை செய்யப்படவில்லை. வயல் வேலை போயிற்று. நன்மையையும் குறையையும் சேர்த்தே நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

இவற்றை நாம் எழுதும்போது, மதுரை ஜில்லாவிலுள்ள டி. கல்லுப்பட்டியில் தம் இறுதிக் காலத்தைக் கழித்த ஜே. சி. குமரப்பாவை நினையாதிருக்க முடியவில்லை. சிறைவாசத்தின்போது எழுதி, 1945ல் காந்தியடிகளின் முன்னுரையோடு வெளிவந்த நூலில், எடுத்தால் தீர்ந்துபோகும் செல்வம் வேறு, என்றும் நிலைத்து ஊறும் செல்வம் வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். தீரும் செல்வத்துக்காக மனிதர் அடித்துக்கொள்வர் என்பதும் அவர் கண்ட முடிவு. அவர் மெச்சிய வற்றாத செல்வத்தையே இன்று உலகம் நாடுகிறது. எனினும், வற்றாத செல்வமும் சிலருடைய வேலிக்குள் அடைபட்டால், பூசலுக்குக் காரணமாகாதிருக்குமா?

நமது கோரிக்கை

நாம் கோருவது நான்கு. முதலாவது, மதுரை நகரத்தின் பள்ளிகள், சந்தைகள், பஸ் நிலையங்கள், அலுவலகங்கள் ஆகிய பொதுக் கட்டடங்களின் மாடிகளில் தகடு பரப்பி, அதன் பயனை வாடகைக்குடியினர் பெயரிலும் குடிசைவாசிகள் பெயரிலும் வரவு வைக்க வேண்டும். ஓரிடத்தில் உண்டாகும் மின்சாரத்தைப் பலர் கணக்கில் பங்கிடும் முறை டில்லியில் 2019லேயே விதியாக வகுக்கப்பட்டது. அது இயலாத காரியமன்று.

இரண்டாவது, நிலையங்களுக்கு நிலம் குத்தகையாகவே பெறப்பட வேண்டும். வருமானத்தில் ஒரு பங்கு அவ்வூர்ப் பஞ்சாயத்துக்குச் சேர வேண்டும். மேய்ச்சலுக்கும் கூலிக்கும் அந்நிலத்தை நம்பியிருந்தோரின் பெயர்கள், வேலி போடுமுன் பதிவு செய்யப்பட வேண்டும்.

மூன்றாவது, முதலாளிக்கு வரிச்சலுகை கொடுப்பதுபோல், பஞ்சாயத்துகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் குறைந்த வட்டிக் கடன் கொடுக்க வேண்டும். 2024 ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டுப் பசுமை எரிசக்திக் கழகம் என்று தனி ஸ்தாபனமே அமைக்கப்பட்டது. நூறு ஓடந்துறைகளை உண்டாக்குவதைவிட அதற்குத் தகுதியான வேலை வேறில்லை.

நான்காவது, விறகடுப்பின் புகையைத் தேசத்தின் பசுமைக் கணக்கில் பெருமையாகக் காட்டுவது ஒழிய வேண்டும். அதைத் தனியே எழுதுங்கள். அது ஒழிக்கப்பட வேண்டிய கடன் என்று எழுதுங்கள். 2016 முதல் கோடிக் கணக்கான ஏழைப் பெண்களுக்குக் காஸ் இணைப்புக் கொடுக்கப்பட்டது. ஆனால் இரண்டாவது சிலிண்டருக்குக் காசில்லாத வீட்டில் மீண்டும் சுள்ளியே எரியும்.

தேச ஊழியரான நம் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. சூரிய மின்சாரத்தை எதிர்ப்பது நம் வேலையன்று. அதைச் சிலரிடம் விட்டுவிடுவதும் நம் வேலையன்று. உங்கள் ஊர்க் கிராம சபை கூடும்போது, நம் ஊர்ப் பொதுமாடி எத்தனை, பொதுத் தரிசு எவ்வளவு, அதன்மேல் விழும் வெயில் யாருக்குச் சொந்தம் என்று எழுந்து கேளுங்கள். விடையைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். 1921ல் ரயில் வண்டியில் ஏழைகள் கூறிய மறுமொழிக்கு விடையாகக் காந்தியடிகள் தம் உடையையே குறைத்துக்கொண்டார். கமுதிச் சாலையில் அப்பெண்மணி கூறிய மறுமொழிக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை.